அடி

மார்ச் 4

குயவுச் சக்கரத்தில் மண் நடுவில் நிற்கவில்லை.

மார்ச் 5

இன்றும் நிற்கவில்லை. முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொள்ளச் சொன்னார் இணைய வகுப்பின் ஆசிரியர். "கையால் தள்ளாதீர்கள். உடம்பு சாயட்டும், கை சும்மா இருக்கட்டும்." திரையில் அவருடைய கை அசைவதே இல்லை. மண்தான் சுற்றிச் சுற்றி வந்து அந்தக் கைக்குள் அடங்கிப்போகிறது. இங்கே மண் என்னைத் தோள்வரை ஆட்டுகிறது.

தொலைபேசி வரவில்லை.

மார்ச் 7

காலையிலிருந்து எரிச்சல். நான் இடக்கைக்காரி. அவருடைய சக்கரம் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. இடது கை பாண்டத்துக்கு உள்ளே, வலது கை வெளியே. ஒவ்வோர் அசைவையும் மனதுக்குள் புரட்டிப்போட்டுப் பார்ப்பதற்குள் சுவர் சரிந்துவிடுகிறது. பொறுக்க முடியாமல் எழுதிக் கேட்டேன். பதில் உடனே வந்தது: திசை மாற்றும் விசை சக்கரத்திலேயே இருக்கும், தேடிப் பாருங்கள், ஜப்பானில் வலஞ்சுழியாக வனைவதுதான் வழக்கம்.

விசை இருந்தது. பழகிக்கொள்ளுங்கள் என்று அவர் எழுதவில்லை. இந்த ஒன்றுக்காகவே அவரைப் பிடித்துப்போயிற்று.

மார்ச் 8

நின்றது! நின்றது!

மார்ச் 11

வனைந்த எதையும் இப்போதைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவருடைய சட்டம். கம்பியால் நெடுக அறுத்து உள்ளே பார்க்க வேண்டும். இன்று வந்த உருளை நிஜமாகவே அழகாக இருந்தது. அதையும் அறுக்கச் சொன்னார். பாவி என்று வாய்விட்டே திட்டினேன். நல்ல வேளை, ஒலியை அணைத்து வைத்திருந்தேன்.

அறுத்த முகத்தில் எல்லாம் தெரிந்தது. விளிம்பு அட்டை கனம். நடுவில் ஒரு மெலிவு. அடியை ஒட்டி விரல் தடிமனுக்கு மண் அப்படியே தங்கியிருக்கிறது. படம் எடுத்து அனுப்பினேன். மெலிந்த இடத்தில் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினார்: "இங்கே விரல் அவசரப்பட்டிருக்கிறது." அந்த இடத்தில்தான் வாசலில் மணி அடித்ததென்று திரும்பிப் பார்த்தேன். அவருக்கு எப்படித் தெரிந்தது?

இசையைப் போட்டு, முடிந்த ஜாடிகளை மட்டும் காட்டும் காணொளிகள் ஆயிரம் இருக்கின்றன. அறுத்துக் காட்டுகிறவர்கள் எத்தனை பேர்?

மார்ச் 12

அறிக்கை நாளை வருமாம்.

மார்ச் 13

வரவில்லை. சக்கரத்தின் பக்கமே போகவில்லை. வெறுமனே மண் பிசைந்தேன். சூளையில் பாண்டம் வெடிப்பதற்குக் காற்றுக் குமிழ்தான் காரணம் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஈரம்தான் காரணம் என்கிறார். 100 டிகிரியைத் தாண்டும்போது சுவருக்குள் எஞ்சியிருக்கும் நீர் ஆவியாகிறது. சூடு வேகமாக ஏறினால் அது வெளியேற நேரமில்லை, உடைத்துக்கொண்டு வருகிறது. குமிழுக்காகப் பயந்ததெல்லாம் வீண். பயப்பட வேண்டியது வேறெதற்கோ.

மார்ச் 17

கிண்ணங்களின் அடியில் விரிசல். நேற்று இல்லை.

நடு அடியில், மெல்லிய நெளி கோடாக, பாம்பு ஊர்ந்த தடம்போல. இரவு இரண்டு முறை எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். நீண்டிருக்கிறதா? விரலால் தடவினால் தெரியவில்லை. சாய்த்துப் பிடித்தால் தெரிகிறது. மேலே சுவரெல்லாம் குறையில்லை. யாரும் பார்க்காத அடியில் போய் ஏன்?

மார்ச் 18

அடி.

மார்ச் 20

சுவரை உயர்த்தும்போது விரல்கள் மண்ணை அழுத்தி இறுக்குகின்றன. அடியை யாரும் அழுத்துவதில்லை. நாமேதான் மரத் தகட்டால் ஓரத்திலிருந்து நடுவுக்கும் நடுவிலிருந்து ஓரத்துக்குமாக அழுத்தித் தர வேண்டும். தேங்கும் நீரைப் பஞ்சால் ஒற்றியெடுக்க வேண்டும். விளிம்பு இறுகியதும் கவிழ்த்துவைத்து, மூடி, மெதுவாக உலர்த்த வேண்டும். மண்குழம்பு பூசி விரிசலை அடைத்துவிடலாமா என்று கேட்டேன். "சூளையில் மறுபடி வாய் திறக்கும்."

முற்றிலும் காய்ந்ததை வாளித் தண்ணீரில் போட்டேன். ஈர மண் இப்படிக் கரையாது. காய்ந்தது உஸ்ஸென்று குமிழி விட்டது. விளிம்பு செதில் செதிலாக உதிர்ந்தது. சுவர் தானாக உட்கார்ந்தது. சற்று நேரத்தில் கிண்ணமும் இல்லை, விரிசலும் இல்லை. அப்படியொரு நிம்மதி. மண்ணை வீணாக்கவும் இல்லை, நாளைக்கே பிசையலாம்.

மார்ச் 22

அம்மாவிடம் சொல்லியாகிவிட்டது. இன்று வேறெதுவும் எழுதுவதற்கில்லை.

மார்ச் 25

கொரியாவின் நிலாச் சாடிகளைப் பற்றி இன்று பேசினார். ஜோசொன் அரசர்கள் காலத்து வெண்பீங்கான். அவ்வளவு பெரிய உருண்டையை ஒரே மூச்சில் வனைந்தால் தாங்காது என்பதால் இரண்டு கிண்ணங்களை வனைந்து வாயோடு வாய் பொருத்தினார்களாம். அதனால் வயிற்றுப் பகுதியில் கொஞ்சம் கோணல். அந்தக் கோணலை எல்லோரும் ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள் என்று எனக்குப் பிடிபடவில்லை. அவருக்குக் கண் கலங்கியது. எனக்கு அவரைப் பார்க்கத்தான் பிடித்திருந்தது.

மார்ச் 29

புதிதாக வனைந்தது காய்ந்துவிட்டதா என்று கன்னத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார். சில்லென்றிருந்தால் உள்ளே இன்னும் ஈரம். காலை, மதியம், இரவு, கன்னம் முழுக்க மண். சில்லென்றுதான் இருக்கிறது.

மார்ச் 31

சில்லிப்பு இல்லை. அடியும் சுத்தம். சூளை வைத்திருப்பவர் மாலையில் வந்து எடுத்துப் போனார். கார் மேடு பள்ளத்தில் குலுங்குமே என்று சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் விட்டேன்.

ஏப்ரல் 2

இந்நேரம் சூளை 573 டிகிரியை நெருங்கியிருக்கும். மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் அங்கே சட்டென்று விரியும். இறங்கும்போது அதே இடத்தில் சட்டென்று சுருங்கும். ஏறும்போது தப்பியது இறங்கும்போது விரிசல் விடலாம். இதை ஏன்தான் எனக்குச் சொன்னாரோ.

ஏப்ரல் 3

சூளை இன்னும் 200க்கு மேல். திறக்கட்டுமா என்று சூளைக்காரர் கேட்டார், வேண்டாம் என்றேன். ஆசிரியரும் அதையேதான் சொன்னார்.

9ஆம் தேதி மருத்துவமனையில் சேர வேண்டும். அதற்குள் கைப்பிடிப் பாடத்தை முடித்தாக வேண்டும். ஈரக் கையால் மண்ணை உருவி இழுக்கச் சொல்கிறார். உருட்டி ஒட்டுவதுதான் எனக்குச் சௌகரியம். நாளை இதைச் சொல்லிச் சண்டை போடப் போகிறேன்.