கால் துள்ளிய பிறகு

முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டினேன், அசைவில்லை. "காலை நீட்டி என்ரை கையை எதிர்த்துத் தள்ளுங்கோ ஐயா, விடாதேங்கோ" என்று பத்து எண்ணினேன். மறுபடி தட்டியதும் கால் துள்ளியது. ஐயாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப நரம்பு செத்துப்போகேல்லை. நல்ல சங்கதிதானே தம்பி?"

"ஓம் ஐயா."

இளவயதிலிருந்தே சுருட்டு. சில மாதமாகக் கதிரையை விட்டு எழும்ப ஏலாது, வாய் காய்ந்தபடி. இவற்றோடு அந்தத் துள்ளலையும் சேர்த்தால், 1956இல் லாம்பேர்ட்டும் ஈட்டனும் விவரித்த நோய்தான் முதலில் நினைவுக்கு வரும். நரம்பு நுனியில் கல்சியம் நுழையும் வாயில்களை கிருமிகளை எதிர்க்கவேண்டிய உடலின் சொந்தப் பிறபொருளெதிரிகளே தாக்க, நரம்பின் கட்டளையைத் தசைக்குக் கடத்தும் அசற்றைல்கோலின் போதியளவு வெளிவராது. தசையை இறுக்கினால் கல்சியம் சேர்ந்து பலம் சற்றுநேரம் திரும்பும். இந்நோய் வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் சிறுகல நுரையீரல் புற்றுநோய் இருக்கும். அவரை மகிழ்வித்த துள்ளல்தான் என்னை நெஞ்சு ஸ்கானுக்கு எழுத வைத்தது.

நான் சொன்னது பொய்யில்லை. நரம்பு சாகவில்லைதான். அதற்கும் மேலே, புற்றுநோயை எதிர்க்கக் கிளம்பிய பிறபொருளெதிரிதான் நரம்பையும் தாக்குகிறது. அதனால் இந்தப் பலவீனம் உள்ளவர்கள், அதே புற்றுநோயுள்ள மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் இருப்பதுண்டு. ஆனால் இதையெல்லாம் நினைத்தா ஓம் என்றேன்? அவர் சிரித்தார், வாயில் வந்துவிட்டது. "இன்னும் பார்க்கவேணும்" என்று ஒரு சொல் கூட்டியிருக்கலாம். கூட்டியிருந்தால் ஸ்கான் வரைக்கும் மனிதர் நித்திரை கொண்டிருப்பாரா?

ஸ்கானில் கட்டி இருந்தது. முடிவைச் சொன்னபோது, "அப்ப கால் துள்ளினது?" என்று மட்டும் கேட்டார். விளங்கப்படுத்தினேன். எவ்வளவு விளங்கியதோ.

தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் மருந்தேற்றினார்கள். கட்டி சுருங்கச் சுருங்க, தசைப் பலத்துக்கென்று கொடுத்த பிரிடோஸ்ரிக்மின் குளிசை தராத பலம் காலுக்கு வந்தது. கிளினிக்குக்குத் தானே நடந்து வந்தார்.

அன்று மகள் தனியாகக் கேட்டார்: "உங்களுக்கு முதல்நாளே தெரியுமோ டொக்டர்?"

"சந்தேகம் இருந்தது."

"சொல்லாமல் விட்டது நல்லது. அந்தக் கிழமை அப்பா நல்லாச் சாப்பிட்டவர்."

அதில் எனக்கு ஆறுதல் வந்திருக்கவேண்டும். ஆனால் என்னிடம் கேட்டவர் அப்பா.

இப்போதெல்லாம் எந்தச் சோதனைக்கு முன்னும், "இதை மட்டும் வைச்சு ஒண்டும் சொல்லேலாது" என்று முதலே சொல்லிவிடுகிறேன். அது நோயாளிக்காகவா, என்னைக் காப்பாற்றிக்கொள்ளவா என்று என்னால் இன்னும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.