ஒப்பந்தத்தில் ஒன்பதாவது பிரிவு

என் சிறுகதைத் தொகுப்பின் விலை 200 ரூபாய், ராயல்டி பத்து சதவீதம். போன வருஷம் 117 படிகள் விற்று 2,340 ரூபாய் வந்தது. சின்னத் தொகைதான். ஆனாலும் கதைக்கென்று வந்த காசு என்பதால் அதன்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

இரண்டாம் பதிப்புக்குப் பதிப்பகத்தார் புது ஒப்பந்தம் அனுப்பினார்கள். பழையது ஒன்றரைப் பக்கம். இது ஆறு பக்கம், முழுக்க ஆங்கிலம். இந்தமுறை உட்கார்ந்து படித்தேன். ஒன்பதாவது பிரிவில் அச்சு, மின்னூல், ஒலிநூல் என்று போய், செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்கவும் அதை வைத்து மொழிபெயர்க்கவும் குரல் கொடுக்கவும் உரிமை பதிப்பகத்துக்கே என்றிருந்தது. அதற்கு எனக்கு என்ன தருவார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. காலம், பதிப்புரிமை உள்ளவரை. அதாவது நான் போய்ச் சேர்ந்து 60 வருஷம் வரைக்கும்.

என் கதையில் ஒரு கரிசல்காட்டுக் கிழவி பேரனிடம் "வெள்ளன வந்துரு" என்பாள். சீக்கிரமே வந்துவிடு என்று அர்த்தம். அந்தப் பத்தியை இலவச மொழிபெயர்ப்புக் கருவி ஒன்றில் போட்டுப் பார்த்தேன். பேரனை வெள்ளையாக வரச் சொல்லியிருந்தது. அன்றைக்கு முடிவு செய்தேன், இதில் அப்படியே கையெழுத்துப் போடக்கூடாது என்று.

வக்கீல் நண்பர் பதிப்புரிமைச் சட்டத்தின் 18ஆம் பிரிவைக் காட்டினார். ஒப்பந்தம் போடும்போது வணிகப் பயன்பாட்டுக்கு வராத ஊடகத்துக்கான உரிமை, பெயர் சொல்லி எழுதினால் ஒழியக் கைமாறாது. 2012 திருத்தத்தில் சேர்த்தது. ஆனால் இங்கே பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள், அதனால் அந்த வரியை அடித்தே ஆக வேண்டும் என்றார். 19ஆம் பிரிவும் முக்கியம். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் உரிமை ஐந்து வருஷத்துக்குத்தான், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான்.

சில திருத்தங்கள் கேட்டு மின்னஞ்சல் போட்டேன். "எல்லாருக்கும் இதே ஃபார்மட்தான் சார், யாரும் கேட்டதில்ல" என்று போனில் சொன்னார்கள். சரி, எதுவானாலும் மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள் என்றேன். பதினெட்டு நாள் பதில் இல்லை. புத்தகமே வராமல் போய்விடுமோ என்று பயமாகத்தான் இருந்தது.

அப்புறம் இறங்கி வந்தார்கள். பயிற்சிக்குக் கொடுக்கும் வரி போனது. இயந்திரக் குரலுக்கும் மொழிபெயர்ப்புக்கும் என் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும் என்றாயிற்று. நான் ஐந்து வருஷம் கேட்டேன், ஏழில் முடிந்தது. விற்பனைக் கணக்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேட்டதற்கு மட்டும் அசையவே இல்லை. ராயல்டியே கொடுக்காத இடங்கள் இருக்கும்போது இதற்காக முறித்துக்கொள்ள மனம் வரவில்லை.

மறுபடி அச்சிடாமல் அந்த ஆறு பக்கத் தாளிலேயே பேனாவால் கோடு போட்டுத்தான் அனுப்பினார்கள். அடித்தல் இருக்கும் இடத்திலெல்லாம் இரண்டு தரப்பும் சுருக்கொப்பம் போட வேண்டும். ஐந்தாம் பக்கத்தில் ஒரு இடத்தில் அவர்களுடையது விட்டுப்போயிருந்தது. திருப்பி அனுப்பி, வாங்கிய பிறகுதான் என் கையெழுத்தைப் போட்டேன்.