காற்று வரும் பக்கம் பிள்ளையை நிறுத்துங்கள்

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை கடலுக்குள் நீட்டிப் போட்டிருக்கும் பாறைக் கரைகளுக்குத் தூண்டில் வளைவு என்று பெயர். சென்னைத் துறைமுகம் வந்தபின் தெற்கிலிருந்து நகரும் மணல் மெரினாப் பக்கமே தங்கிவிட்டது, வடக்கே கரை அரித்தது, அதற்காகக் கொட்டிய கல். ஃப்ளை ராட் வைத்திருப்பவருக்கு அந்தப் பெயர் ரொம்பப் பொருத்தம். ஃப்ளை என்பது முள்ளில் இறகும் நூலும் கட்டிய பொய் இரை; அதை லைனின் கனத்தால் முதுகுக்குப் பின்னும் முன்னுமாக வீசி எறிவதற்கான கோல்தான் இந்த ராட். சாலையோரக் கல் மேல் நின்று நேரே கடலைப் பார்த்து வீசினால் பின்வீச்சு கன்டெய்னர் லாரியில் மாட்டும். வளைவின் நடுப்பகுதிக்குப் போய், கரைக்கு இணையாக வடக்கேயோ தெற்கேயோ வீச வேண்டும்.

இங்கே வருஷத்தை மீன் பிரிப்பதில்லை, காற்றுதான் பிரிக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலையில் கச்சான், அதாவது மேல்காற்று. தரையிலிருந்து அடிப்பதால் அலை படிந்திருக்கும். வலக்கைக்காரர் வடக்கே பார்த்து நின்றால் காற்று இடப்பக்கம், லைன் உடம்பை விட்டு விலகியே பறக்கும். கூட வந்த பிள்ளையும் அந்த இடப்பக்கமே, கரையை ஒட்டி, இருபது அடி தள்ளி நிற்கட்டும். பின்னால் மட்டும் வேண்டாம். கடல்காற்று எழுந்ததும் கதை மாறும்: அதே நிலையில் காற்று வலப்பக்கம் வரும், முள் காதோரம் உரசும். திரும்பித் தெற்கே பார்த்து வீசினால் நீங்கள் தப்பிக்கலாம். ஆனால் அப்போது காற்று வரும் பக்கம் என்பது வளைவின் நுனி, அலை ஏறும் இடம். பிள்ளையை அங்கே நிறுத்த முடியாது. மூட்டை கட்டுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் தென்றல். வடக்கே வீச முதுகுக்குப் பின்னிருந்து தள்ளிக்கொடுக்கும் என்று நம்பி ஏமாறாதீர்கள். பின்வீச்சு காற்றை எதிர்த்து நிமிராமல் தாழ்ந்து, முள் கல்லில் தட்டி மழுங்கும். மீன் கடித்துக் கடித்து விட்டுப்போனால் முள்ளை நகத்தின் மேல் வைத்து லேசாக இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் கூர் போய்விட்டது. அக்டோபருக்குப் பின் வாடை. பாறை மேலேயே அலை ஏறும். வீட்டில் உட்கார்ந்து ஃப்ளை கட்டும் காலம்.

பளபளப்புக்கு வண்ணாரப்பேட்டையில் ஜரிகை வாங்கலாம். உலோக ஜரிகை உப்பில் கறுத்துவிடும், பிளாஸ்டிக் ஜரிகையே நிற்கும். (புடவையிலிருந்து உருவுவதாக இருந்தால் கேட்டுவிட்டு உருவவும்.) 8 எண் (நடுத்தரக் கனமான) ராடுக்கு 1/0 அளவு முள் போதும். கட்டும்போதே எதிர்முள்ளை (முள் நுனியருகே பின்னோக்கி நிற்கும் பல்) கட்டிங் பிளேயரால் நசுக்கிவிடுங்கள், பிள்ளையின் விரலில் ஏறினாலும் வந்த வழியே வந்துவிடும். மடவை கூட்டமாகத் துள்ளுவதைப் பார்த்து நேரத்தை விடாதீர்கள், அது பாசி மேய்கிற மீன். சின்னப் பாறை மீன், சீலா, கழிமுகத்தில் கொடுவா, இவைதான் துரத்தும். கொடுவாவின் செவுள் மூடி கத்தி. லைன் நுனியில் ஒன்றரை அடிக்கு 40 பவுண்டு தாங்கும் நைலான் நரம்பு கட்டுங்கள். கெளுத்தி வந்தால் முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள்ளும் விஷம். கையால் தொடவே வேண்டாம்.

வீசியபின் கையால் இழுத்துச் சேர்த்த லைன் கல் இடுக்கில் விழுந்தால் அன்றைய வேலை அதை உருவுவதுதான். துணி அலசும் பிளாஸ்டிக் டப் ஒன்றில், அரை சாண் ஆழம் போதும், அடியில் பத்துப் பன்னிரண்டு ஓட்டை போட்டு ஒவ்வொன்றிலும் கேபிள் டை ஒன்றைச் செருகி வால் மேலே நான்கு விரல் நிற்கும்படி விடுங்கள். பெல்ட்டில் இடுப்போடு கட்டினால் லைன் அந்த வால்களுக்கிடையே சுருண்டு உட்காரும், சிக்காது. தண்ணீர் இறங்கத் தனியாக ஓட்டை வேண்டும். மறந்தால் டப் தொட்டியாகிவிடும்.

லைன் வெப்பநாட்டுக்கானதா என்று பார்த்து வாங்குங்கள். குளிர்நாட்டு லைன் நம்ம வெயிலில் குழைந்து ராடின் வளையங்களில் ஒட்டும்.

வீட்டுக்கு வந்ததும் கழுவ வேண்டும், மெட்ரோ தண்ணீரில். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும், அதில் கழுவுவது உப்பை உப்பால் துடைப்பதுதான். ரீலின் டிராகை (லைன் ஓடுவதை இறுக்கிப் பிடிக்கும் பிரேக்) தளர்த்திக் காயவையுங்கள். நனைந்த ஃப்ளையைப் பெட்டிக்குள் திருப்பி வைக்காதீர்கள். ஒன்று துருவேறினால் அந்த வரிசை முழுக்கப் போய்விடும்.