டீச்சர் எத்தனை ஏ வாங்கினாங்க?

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் பெற்றோர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் நேற்றிரவு ஒரே அமளி. புதுக் கணித டீச்சர் பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். கணிதத்தில் என்ன எடுத்தார் என்று ஒருவர் கேட்க, "பி தானாம்லா!" என்று பதில் வந்து விழுந்தது.

எந்த வருஷத்து பி? ஏ பிளஸ் என்பதே 2009-இல்தான் வந்தது. அதற்கு முன் 1ஏ, 2ஏ. 2016-இல், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிய யு.பி.எஸ்.ஆர். சோதனையின் கேள்வி அமைப்பை மாற்றியதும் எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்தவர்கள் மளமளவெனக் குறைந்தார்கள். ஒரே வருஷத்தில் பிள்ளைகள் மக்காகிவிட்டார்களா என்ன? 2021-இல் அந்தச் சோதனையே போய்விட்டது, மறுவருஷம் மூன்றாம் படிவத்தின் பி.டி.3 சோதனையும்.

அதற்காகப் புள்ளியே வேண்டாம் என்று சொல்லவில்லை. பின்னம் தெரியாதவர் பின்னம் நடத்த முடியாது. ஆனால் 1/2 + 1/3 = 2/5 என்று என் மகள் எழுதியதை அந்த டீச்சர் சும்மா சிவப்பில் அடித்துவிட்டுப் போகவில்லை. "2/5 பாதியைவிடச் சின்னதா, பெரியதா?" என்று பக்கத்தில் எழுதியிருந்தார். இவள் கோடு போட்டுப் பார்த்து, "ஐயோ, கூட்டினா குறையுதேப்பா!" என்று தானே அழித்தாள்.

நோட்டைப் படமெடுத்துக் குழுவில் போட்டேன். உடனே ஒரு கேள்வி: "டியூஷன் எடுப்பாங்களா?"