வந்த பணம், நமதான பணம்

பழைய ஃபிலிம் கேமராக்களையும் லென்ஸ்களையும் இணைய ஏலத்தில் விற்பது என் வேலை. கணக்கு நோட்டில் ஒவ்வொரு விற்பனைக்கும் இரண்டு தேதிகள் எழுதுகிறேன். ஒன்று ‘வந்த தேதி’, இன்னொன்று ‘நமதான தேதி’. தொடங்கிய காலத்தில் முதல் கட்டம் மட்டும்தான் இருந்தது. இரண்டாவதைப் போட வைத்தது ஒரு லென்ஸ்.

அது நல்ல விலைக்குப் போனது. ஏலம் முடிந்த அரை மணி நேரத்தில் கார்டு மூலம் முழுத் தொகையும் வந்துவிட்டது. கூடவே ஒரு செய்தி: “பகலில் வீட்டில் ஆள் இருக்காது, அலுவலக முகவரிக்கு அனுப்ப முடியுமா?” நியாயமான வேண்டுகோள்தானே என்று அனுப்பினேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு பார்சலைக் கொடுத்துவிட்டதாக டிராக்கிங் காட்டியது. சரி, முடிந்தது என்று அடுத்த பெட்டியைக் கட்டப் போய்விட்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அந்தக் கார்டின் சொந்தக்காரர், ‘இந்தப் பணத்தை நான் செலுத்தவே இல்லை’ என்று தன் வங்கியில் புகார் கொடுத்திருந்தார். திருட்டுக் கார்டு. பணம் என் கணக்கிலிருந்து திரும்பிப் போனது. புகாரைக் கையாண்டதற்கென்று தனியாக ஒரு கட்டணமும் பிடித்தார்கள். பணம் செலுத்தும்போது பதிவான முகவரிக்கே அனுப்பியிருந்தால் விற்பவருக்கான பாதுகாப்பு எனக்குக் கிடைத்திருக்கும். நான் அனுப்பியதோ செய்தியில் சொன்ன முகவரிக்கு. கையெழுத்தைக் காட்டியும் பயனில்லை. லென்ஸும் போயிற்று, பணமும் போயிற்று.

அதுவரை எந்தெந்த வழியில் பணம் வாங்குவது என்பதை இரண்டே கேள்விகளை வைத்து முடிவு செய்துவந்தேன். எது சீக்கிரம் வரும்? எதில் கமிஷன் குறைவு? மூன்றாவதாக ஒன்று இருப்பது அப்போதுதான் உறைத்தது: வந்த பணத்தை யார், எத்தனை நாள் வரை திரும்ப இழுக்கலாம்?

இந்த இணைய ஏலத் தொழில் தொடங்கியபோது இப்படி ஒரு கேள்வியே இருந்திருக்காது. 1995இல் பியர் ஒமிடியார் ‘ஆக்‌ஷன்வெப்’ என்ற பெயரில் தொடங்கிய தளம்தான் பின்னால் ஈபே ஆனது. முதலில் விற்றதாகச் சொல்லப்படுவது பழுதான ஒரு லேசர் பாயிண்டர், விலை 14.83 டாலர். பழுதானது என்று தெரிந்துதான் கேட்டீர்களா என்று அவர் விசாரித்தாராம். பழுதான லேசர் பாயிண்டர்களைத்தான் சேகரிக்கிறேன் என்று பதில் வந்ததாம். (இப்படிப்பட்ட வாங்குபவர் எனக்கு இன்னும் ஒருவர்கூட அமையவில்லை.) அந்த நாட்களில் ஏலம்தான் இணையத்தில் நடந்தது, பணம் தபாலில் வந்தது. காசோலையோ மணி ஆர்டரோ வரும். வங்கியில் போட்டு, பணமாகும் வரை காத்திருந்து, அப்புறம் பொருளை அனுப்புவார்கள். பொருளும் பணமும் ஒருவரையொருவர் பார்த்தறியாத இருவருக்கிடையே வாரக்கணக்கில் நடந்துகொண்டிருந்தன.

இணையம் வழியே பணம் அனுப்ப உதவும் பேபால் வந்ததும் அந்த வாரங்கள் நிமிடங்களாகின. ஈபே 1999இல் பில்பாயிண்ட் என்ற நிறுவனத்தை வாங்கித் தன் சொந்தப் பண வழியாக நிறுத்தப் பார்த்தது. விற்பவர்களோ பேபால் பக்கமே போனார்கள். கடைசியில் 2002இல் 150 கோடி டாலர் மதிப்பில் பேபாலையே வாங்க வேண்டியதாயிற்று. (2015இல் இரண்டும் பிரிந்தது வேறு கதை.) 2008 அக்டோபரில் அமெரிக்கத் தளத்தில் பெரும்பாலான பொருட்களுக்குக் காசோலையையும் மணி ஆர்டரையும் ஈபே நிறுத்தியது. விற்பவர்களில் ஒரு பகுதியினர் கத்தித் தீர்த்தார்கள். பிடிவாதம் என்று அப்போது எனக்குத் தோன்றியது. அவர்கள் எதை இழக்கிறோம் என்று கத்தினார்கள் என்பது பின்னால்தான் புரிந்தது.

காகிதத்தில் காத்திருப்பு முன்னால் வரும். மின்பணத்தில் அது பின்னால் வரும், அவ்வளவுதான் வித்தியாசம். பெரிய கார்டு நிறுவனங்களின் விதிப்படி பெரும்பாலான புகார்களுக்கு 120 நாள் அவகாசம் உண்டு. பொருள் வரவில்லை என்ற புகாரானால், வந்திருக்க வேண்டிய தேதியிலிருந்துகூட எண்ணுவார்கள். பேபாலில் பணம் செலுத்திய நாளிலிருந்து 180 நாள். கிட்டத்தட்ட அரை வருடம்! ‘பணம் வந்துவிட்டது’ என்று பச்சை எழுத்தில் காட்டும் திரை இந்த நாட்களை எங்கும் சொல்வதில்லை.

இதற்காகக் கார்டைத் திட்டுவதும் முறையல்ல. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பில்லில் வந்த தவறான தொகையை மறுக்கும் உரிமையைக் கார்டு வைத்திருப்பவருக்குக் கொடுத்தது. கார்டில் செலுத்திய பணத்தை வங்கி வழியே திரும்ப இழுக்கும், ‘சார்ஜ்பேக்’ என்று நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லும் ஏற்பாடு வளர்ந்ததற்கு அதுவும் ஒரு வேர். நானே வாங்குகிறவனாக இருக்கும்போது அது எனக்கும் ஒரு தைரியம். முகம் தெரியாத ஒருவரிடம் ஆயிரம் மைல் தள்ளியிருந்து பணத்தைக் கொடுக்கிறோம். பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும்தானே.

எனக்கு எளிதில் திரும்பாத பணம், வாங்குபவருக்கு எளிதில் மீட்க முடியாத பணம். ஒருவருக்குப் பாதுகாப்பு கூடினால் மற்றவருக்குக் குறையும். எனவே பண வழிகளைத் தேர்ந்தெடுக்கும்போது இருவருக்கும் இடையிலுள்ள சந்தேகத்தை யார் சுமப்பது என்பதையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறோம்.

லென்ஸ் போன கோபத்தில் ஆறு மாதம் நேரடி வங்கிப் பரிமாற்றம் மட்டுமே என்று அறிவித்தேன். நான் பட்டியலில் எழுதியிருந்த வாசகங்களை இப்போது படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. ‘கார்டு கிடையாது, கேட்க வேண்டாம்’ என்றெல்லாம் தடித்த எழுத்தில். கடைக்கு வருகிறவரை வாசலிலேயே அதட்டுகிற மாதிரி.

விலைகள் சரிந்தன. முதலில் காரணம் புரியவில்லை. கேட்பவர்கள் கொஞ்சம் குறைந்தால் என்ன, ஜெயிப்பவர் ஒருவர்தானே என்று நினைத்தேன். ஏலத்தில் கணக்கு அப்படியில்லை. இந்தத் தளங்களில் ஒவ்வொருவரும் தன் உச்சவரம்பைச் சொல்லி வைக்கிறார். தளம் அவருக்காகப் படிப்படியாக ஏற்றிக் கேட்கிறது. இரண்டாவதாக நிற்பவரின் வரம்புக்கு ஒரு படி மேலே போனதும் விலை நின்றுவிடும். ஆக, ஜெயிப்பவர் எவ்வளவு கொடுக்கத் தயாராக இருந்தாலும் விலையை நிர்ணயிப்பது தோற்கிறவர். இதற்கு நெருங்கிய ஏல முறையை 1961இலேயே ஆராய்ந்து எழுதிய வில்லியம் விக்ரிக்கு 1996இல் பொருளாதார நோபல் கிடைத்தது. எனக்கு அது கிடைத்தது வெறும் நஷ்டமாக. நான் விரட்டிவிட்ட கார்டுக்காரர் ஜெயிக்கப் போகிறவராக இருந்திருக்க வேண்டியதில்லை. இரண்டாவதாக நின்று விலையை ஏற்றிவிட்டுப் போயிருப்பார். நிலையான விலை போட்டு விற்பவருக்கு ஒரு வாடிக்கையாளர் போனால் ஒரு விற்பனை தள்ளிப்போகும். எனக்கோ விற்ற பொருளிலேயே விலை குறையும்.

வங்கிப் பரிமாற்றமும் நான் நினைத்த கோட்டையாக இருக்கவில்லை. பணம் அனுப்பிவிட்டதாக ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார்கள். கணக்கைத் திறந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. வங்கியிடமிருந்து வந்தது போலவே ஜோடித்த மின்னஞ்சலும் ஒருமுறை வந்தது. ‘பார்சலின் டிராக்கிங் எண்ணைக் கொடுத்தால் தொகை விடுவிக்கப்படும்’ என்று அதில் இருந்தது. எந்த வங்கிக்கு என் டிராக்கிங் எண் வேண்டும்?

மோசடிகளில் எனக்கு மிகவும் பயம் தருவது டிராஃப்ட்தான். வங்கியே எழுதிக் கொடுத்த காகிதம் என்பதால் ஒரு மரியாதை. ஏலத்தொகையைவிடக் கூடுதலாக ஒன்றை அனுப்பிவிட்டு, “தவறுதலாக வந்துவிட்டது, மிச்சத்தை என் ஏஜெண்டுக்கு அனுப்பிவிடுங்கள்” என்பார்கள். போட்ட ஓரிரு நாளில் கணக்கில் தொகை தெரியும். ஆனால் அது நம் வங்கி நம்பிக்கையின் பேரில் வரவு வைத்த தொகையாக இருக்கலாம். எழுதிக் கொடுத்ததாகச் சொல்லப்படும் வங்கி இன்னும் ஒரு காசும் தந்திருக்காது. போலி என்று தெரியவர வாரங்கள் ஆகும். அதற்குள் பொருளையும் அனுப்பி, மிச்சத்தையும் அனுப்பியிருப்போம். எனக்கு முன்பிருந்தே பழைய நாணயங்கள் விற்கும் நண்பர் ஒருவர் இதில் விழுந்தார். ‘வந்த தேதி வேறு, நமதான தேதி வேறு’ என்று முதலில் சொன்னவர் அவர்தான். கட்டம் போட்டது மட்டும் நான்.

சில வழிகளில் யோசிக்கவே அதிகம் இல்லை. வீட்டு வாசலில் பணம் வாங்குவது ஏலத்துக்கு ஒத்துவரவில்லை. ஆவேசத்தில் ஏற்றிக் கேட்டவர் பார்சல் வருவதற்குள் ஆறிப்போயிருப்பார், போகவர கூரியர் செலவு நம் தலையில். கிரிப்டோ திரும்பாத பணம்தான், ஆனால் ஏலம் முடிவதற்கும் பணம் வருவதற்கும் இடையில் அதன் மதிப்பே மாறிவிடுகிறது. அப்புறம், கமிஷன் மிச்சமாகும் என்று நண்பருக்கு அனுப்புவது போல அனுப்பச் சொல்வது. அதில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு கிடையாது, விதிமீறலும்கூட. கேட்கவே மாட்டேன்.

பெரிய தொகை என்றால் மூன்றாவது ஆள் ஒருவரிடம் பணத்தை ஒப்படைத்து, பொருள் கைக்குப் போய்ச் சேர்ந்ததும் விடுவிக்கும் எஸ்க்ரோ முறைக்குப் போகிறேன். இருதரப்புக்கும் நியாயமான வழி என்று இதைத்தான் சொல்வேன். செலவும் தாமதமும் உண்டு என்பதால் சின்னப் பொருளுக்கு ஒத்துவராது. ஒரே நிபந்தனை, எந்த எஸ்க்ரோ என்பதை நான் தேர்ந்தெடுப்பேன். வாங்குபவரே ஆர்வமாக ஒரு பெயரைச் சொன்னால், அந்தத் தளமே அவர் ஜோடித்ததாக இருக்கலாம்.

கமிஷனை இப்போது அவ்வளவு பொருட்படுத்துவதில்லை. பெரும்பாலும் ஒரு சதவீதமும் ஒரு சிறு நிலையான தொகையும் சேர்ந்ததாக இருக்கும். பெரிய விலையில் அந்த நிலையான தொகை தெரியவே தெரியாது. ஃபில்டர், மூடி போன்ற சில்லறைப் பொருட்களில் லாபத்தையே கடித்துவிடும். அவற்றை ஐந்தாறாகச் சேர்த்து ஒரே ஏலமாகப் போடுகிறேன். கார்டுக்குக் கூடுதலாக வசூலிக்கலாமே என்று கேட்பார்கள். பல தளங்களில் அதற்குத் தடை. தடை இல்லாவிட்டாலும், அந்த ஒரு வரி இரண்டாவதாக நிற்பவரை விரட்டிவிடும்.

கார்டைத் திரும்ப ஏற்கத் தொடங்கியபோது ஒருமுறைக் கடவுச்சொல் (ஓடிபி) கேட்கும் வழியாகப் பார்த்து எடுத்தேன். அப்படிச் செலுத்திய பணத்தில் ‘என் கார்டு திருட்டுப்போனது’ என்ற புகார் வந்தால் பொறுப்பு பெரும்பாலும் கார்டு கொடுத்த வங்கிக்குப் போகும். ‘விவரித்தபடி இல்லை’ என்ற புகாருக்கு இது உதவாது. அதற்கு என் தற்காப்பெல்லாம் டார்ச் வெளிச்சம்தான். லென்ஸுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் பூஞ்சை நரம்பு நரம்பாகத் தெரியும். அதை மறைக்காமல் படம் பிடித்து முதல் படமாகவே போடுகிறேன். முகவரியை மாற்றச் சொன்னால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சரியான முகவரியோடு மறுபடி செலுத்தச் சொல்கிறேன். பத்தில் எட்டுப் பேர் முணுமுணுத்தாலும் செய்கிறார்கள். மற்ற இருவர் மறைந்துவிடுகிறார்கள். நேரில் வந்து எடுத்துப்போகிறவரிடம் ரொக்கம் மட்டும். இல்லையென்றால் பொருளைக் கையில் கொடுத்துவிட்டு ‘வரவில்லை’ என்ற புகாருக்குக் காட்ட டிராக்கிங்கூட இல்லாமல் நிற்க வேண்டிவரும்.

போன வருடம் ஒரு பெரியவர், நான் போட்டிருந்த மடிப்பு கேமராவை ஏலத்தில் எடுத்தார். தன்னிடம் கார்டு கிடையாது, இணைய வங்கியும் பழக்கமில்லை, காசோலை அனுப்பட்டுமா என்று கேட்டார். அந்தத் தளத்தில் அதற்குத் தடை இல்லை. காசோலை பணமாகி, அது உறுதியான பிறகுதான் அனுப்புவேன் என்று எழுதினேன். “தாராளமாக, எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை” என்று பதில் வந்தது. கேமராவைப் பெட்டியில் கட்டி மேசை ஓரத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். தினமும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. அவர் ஒருமுறைகூட எங்கே என்று கேட்கவில்லை. வங்கிக்கு இரண்டு முறை போய், எழுதிக் கொடுத்த வங்கி பணத்தைத் தந்துவிட்டது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அனுப்பினேன்.

அன்றிரவு நோட்டில் இரண்டு கட்டங்களையும் நிரப்பினேன். இடையில் பதினோரு நாள். அந்தப் பக்கத்தில் அதற்கு மேலேயிருந்த ஏழு விற்பனைகளும் கார்டில் நிமிடங்களில் வந்தவை. ஏழுக்கும் இரண்டாவது கட்டம் இன்னும் காலியாகவே இருந்தது.