முற்றம் எழுந்து நின்ற குளிர்காலம்

மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பின் நடைபாதைக்குப் புதிதாக பேவர் கல் பதிக்கிறார்கள். ஓய்வுபெற்ற பொறியாளனுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது. ஜனவரி மூடுபனியில் குரங்குக் குல்லாவும் மஃப்ளருமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். ஒப்பந்தக்காரருக்கு என்னைக் கண்டாலே ஆகவில்லை.

நேற்று தரைத்தளத்து மாமி வந்து நின்று, "இந்தக் குளிரில் பதித்தால் கல் நிற்குமா சார்?" என்று கேட்டார்.

தில்லிக் குளிர் கல்லை ஒன்றும் செய்யாது மாமி என்றேன். இங்கே நான்கு டிகிரிக்கு இறங்கினாலே ஊர் நடுங்குகிறது. ஆனால் மண் உறைவதில்லை. மண் உறைகிற ஊரில் நான் கல் பாவியிருக்கிறேன். பாவியதும் முதல் தடவை மானம் போனதும் லடாக்கின் லேயில்.

2007-இல் அங்கே மாற்றலாகிப் போனேன். கடல் மட்டத்திலிருந்து 3,500 மீட்டர் உயரம். விருந்தினர் விடுதி ஒன்றின் முற்றத்துக்குக் கல் பாவும் வேலை என் தலையில் விழுந்தது. கல்லுக்குப் பஞ்சமே இல்லை. லேயைச் சுற்றியுள்ள மலையே கிரானைட். எட்டு சென்டிமீட்டர் கனத்தில் பலகையாக வெட்டி வாங்கினேன். தில்லியில் செய்கிற மாதிரியே மண்ணை நிரவி, மேலே கல்தூளைக் கொட்டி, கல்லை அடுக்கி, இடுக்குகளில் சிமென்ட் கலவை பூசினேன். செப்டம்பர் கடைசியில் முடிந்தது. ரசமட்டம் வைத்துப் பார்த்தால் குமிழி நடுவில் அசையாமல் நின்றது. எனக்கு ஒரே பெருமை.

ஏப்ரலில் போய்ப் பார்த்தபோது முற்றத்தின் ஒரு பக்கம் ஒட்டகத் திமில் போல எழுந்து நின்றது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. கலவை பூசிய இடுக்குகள் எல்லாம் வெடித்துக் கிடந்தன. மேலதிகாரியான சர்தார்ஜி சுற்றிவந்து பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லாமல் போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வருஷத்துக்குப் பத்து சென்டிமீட்டர் மழைகூடச் சரியாகப் பெய்யாத ஊரில் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. ஜார்க்கண்டிலிருந்து வந்திருந்த கொத்தனார்தான் கையைக் காட்டினார். திமில் இருந்தது பாப்ளார் மரங்களை ஒட்டிய பக்கம். அந்த மரங்களின் காலடியில் பாசனக் கால்வாய் ஓடுகிறது. மறுபக்கத்தில் ஒரு கல்கூட அசையவில்லை.

நிழல் விழும் மூலையில் இரண்டு கல்லைப் பெயர்த்துத் தோண்டினோம். கடப்பாரை 'ணங்' என்றது. மண்ணுக்குள்ளே பனிக்கட்டி ஏடு ஏடாகப் படிந்திருந்தது. ஒரு விரல்கனம் பனி, அதற்குக் கீழே மண், மறுபடியும் பனி. ஓலைச்சுவடிக் கட்டைப் பக்கவாட்டில் பார்ப்பது போல.

தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம் பெருக்கும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறேன். மண்ணில் இருந்த ஈரம் அவ்வளவு பெருத்தால்கூட இத்தனை உயரம் எழும்பாது. உறைகிற மட்டம் கீழேயிருக்கும் ஈரத்தைத் தன் பக்கம் உறிஞ்சுகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலக் கால்வாய்த் தண்ணீர் ஏறிவந்து, அங்கேயே உறைந்து, பனி ஏடு தடித்துக்கொண்டே போகிறது. மேலே கிடக்கும் கல்லை அது தூக்கிவிடுகிறது. ஸ்டீபன் டேபர் என்ற அமெரிக்கப் புவியியலாளர் 1930 வாக்கிலேயே இதைக் காட்டியிருக்கிறார். தண்ணீருக்குப் பதிலாக பென்சீனை வைத்துச் சோதித்தார். பென்சீன் உறைந்தால் பெருக்காது, சுருங்கும். அப்படியும் மண் எழும்பியது! அதைப் படித்த அன்று எனக்கு இரவுத் தூக்கம் போய்விட்டது.

இப்படித் தண்ணீரை ஏற்றத் தோதான மண், நுண்மணல் போன்ற வண்டல்தான். பருமணலில் இடைவெளி பெரிது, தண்ணீர் ஏறாது. களிமண்ணில் மிக மெதுவாக ஏறும். வண்டல் இரண்டுக்கும் நடுவில், வசமாக ஏற்றிக் கொடுக்கும். நான் கொட்டிய கல்தூளும் அந்த ஜாதிதான். திரியை நானே போட்டு வைத்திருக்கிறேன்.

மண் முழுக்க இளகட்டும் என்று ஜூலைவரை பொறுத்தோம். உறைந்த மண்ணைத் திமிசு போட்டு இறுக்கிப் பயனில்லை, இளகியதும் அமுங்கிவிடும். பிறகு அரை மீட்டர் தோண்டினோம். கால்வாய் ஓரமாக ஒரு பள்ளம் வெட்டி, ஜல்லி நிரப்பி, துளைக் குழாய் போட்டு, வருகிற தண்ணீரை வேறு பக்கம் திருப்பினோம். அடி மண் ஜல்லியோடு கலக்காமல் இருக்க, அதன் மேல் ஜியோடெக்ஸ்டைல் என்ற செயற்கை இழைத் துணி விரித்தோம். அது சண்டிகரிலிருந்து லாரியில் மணாலி வழியாக வர மூன்று வாரம். அதற்கு மேல் உடைத்த ஜல்லி, தூள் குறைவாக, பத்துப் பத்து சென்டிமீட்டராக நான்கு அடுக்கு. ஒவ்வொரு அடுக்கையும் தனியாக இறுக்கியாக வேண்டும். ஒரேயடியாகக் கொட்டி மேலே தட்டினால் அடியில் பொதபொதவென்றே இருக்கும். அந்த உயரத்தில் இறுக்கும் இயந்திரத்துக்கும் மூச்சு வாங்கும், எனக்கும்தான். ஜல்லியை முற்றத்தின் விளிம்போடு நிறுத்தாமல் ஒரு சாண் வெளியே விட்டோம். ஓரம்தான் முதலில் சரியும்.

அதற்கு மேல் பருமணல், ஓர் அங்குலம்தான். பள்ளம் மேட்டை மணலால் சரிக்கட்டலாம் என்ற ஆசை கொத்தனார்களுக்கு எந்த ஊரிலும் உண்டு. விடக் கூடாது. பிறகு கல், அசையாத ஓரக்கல், இடுக்குகளில் வெறும் மணல். சிமென்ட் கலவை கிடையாது. குளிர் எத்தனையோ அடி ஆழத்துக்கு இறங்குகிறது, அத்தனையையும் தோண்டி மாற்ற முடியுமா? கொஞ்சம் எழும்பத்தான் செய்யும். எல்லாக் கற்களும் சேர்ந்து எழும்பி, சேர்ந்து இறங்கினால் போதும். கலவை அதற்கு இடம் கொடுக்காது, வெடிக்கும்.

அடுத்த ஏப்ரலில் நூல் பிடித்துப் பார்த்தேன். கால்வாய்ப் பக்கத்தில் நூலிழை அளவு ஏற்றம். ஜூனில் அதுவும் இல்லை. சர்தார்ஜி அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

மயூர் விஹார் உட்கார்ந்திருப்பது யமுனை வண்டலில். லேயின் குளிர் இங்கே ஒரு மாதம் அடித்தால் எங்கள் குடியிருப்பில் பாவிய தரை ஒன்றுகூட மிஞ்சாது. நல்லவேளை. ஆனால் தண்ணீர் இங்கேயும் தண்ணீர்தான். தண்ணீர் வடிய ஐம்பதுக்கு ஒன்று என்று வாட்டம் கொடுத்திருப்பதாக ஒப்பந்தக்காரர் சத்தியம் செய்தார். நான் மாமி வீட்டிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் வாங்கி, பதித்து முடித்த இடத்தில் ஊற்றினேன். அது நேராக மாமி வீட்டு வாசலுக்கே திரும்பி வந்தது.

இன்று காலை நான்கு வரிசையைப் பெயர்த்துவிட்டார்கள். மாமி வேலையாட்களுக்கு டீயும் எனக்கு மட்டும் காபியும் கொண்டுவந்தார். ஒப்பந்தக்காரர் டீயைக் கையில் வாங்கிக்கொண்டு அந்தப் பக்கமாகத் திரும்பி நின்று குடித்தார்.