எபிரேய வினையை முன்னாலிருந்து உரிப்பது எப்படி?

இறையியல் படிப்பில் எபிரேயம் எடுப்பவர்களைத் திணறவைப்பது பெரும்பாலும் இம்பர்ஃபெக்ட் வினைதான், அதாவது இன்னும் முடியாத செயலைச் சொல்லும் வினைவடிவம். எழுதுவேன், எழுதுவாய், எழுதுவான் என்று ஆளைச் சொல்லின் கடைசியில் தேடியே பழகிய கண் நமக்கு. எபிரேயத்தில் முதல் எழுத்திலேயே ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

காஃப்-தாவ்-பேத் (க்-த்-ப்) என்ற வேரை, அதாவது வினைக்கு அடிப்படையான மூன்று மெய்யெழுத்துகளை, எடுத்துக்கொள்வோம். எக்தோவ் என்றால் எழுதுவேன். யிக்தோவ், எழுதுவான். நிக்தோவ், எழுதுவோம். திக்தோவ் என்பது ஆணிடம் 'நீ எழுதுவாய்', அல்லது 'அவள் எழுதுவாள்'. வடிவம் ஒன்றே. வாக்கியத்தில் எழுவாய் இல்லையென்றால் விடைத்தாளில் இரண்டையும் எழுதிவிடுங்கள், கிடைக்கிற மதிப்பெண்ணை ஏன் விட வேண்டும்? சிலவற்றுக்குப் பின்னாலும் ஒட்டு வரும்: பெண்ணிடம் பேசும்போது திக்தெவீ, 'அவர்கள்' என்றால் யிக்தெவூ. ஆலெஃப், யோத், தாவ், நூன் ஆகிய இந்த நான்கு முன்னொட்டுகளையும் 'ஏத்தான்' என்ற ஒரே சொல்லில் அடக்கி வைப்பது யூத மரபு. அதைப் பிடித்துக்கொண்டால் போதும்.

அட்டவணையை ஒப்பிப்பதில் நேரத்தைக் கொட்டாதீர்கள் என்பேன். தேர்வில் வருவது அட்டவணை அல்ல, வசனம். முன்னொட்டை உரித்துவிட்டு மிச்சத்தை எண்ணுங்கள். மூன்று மெய் இருந்தால் வேர் கைக்கு வந்துவிட்டது. இரண்டுதான் இருக்கிறது என்றால் அங்கேதான் வேலை. மிச்சத்தின் முதல் எழுத்துக்குள் தாகேஷ், அதாவது ஒலியை இரட்டிக்கும் புள்ளி, இருந்தால், விழுங்கப்பட்டது பெரும்பாலும் நூன். யிப்போல் (விழுவான்) என்பதன் வேர் நூன்-பே-லாமெத். முன்னொட்டின் கீழே ட்ஸேரே, அதாவது அருகருகே இரண்டு புள்ளி இருந்தால், தொலைந்தது முதல் யோத்: யேஷேவ் (உட்காருவான்), வேர் யோத்-ஷின்-பேத். காமெட்ஸ், அதாவது சிறிய T போன்ற உயிர்க்குறி, இருந்தால் நடுவில் வாவ் இருக்கிறதா என்று பாருங்கள், யாகூம் (எழுந்திருப்பான்) போல. எதுவும் பொருந்தவில்லையா, ஈற்றில் ஹே போட்டுப் பாருங்கள். அடங்காத இரண்டு பேரும் உண்டு: லாக்காஹ் (எடுத்தான்) நூன் வேர் மாதிரியும், ஹாலாக் (போனான்) யோத் வேர் மாதிரியும் நடக்கும். இவர்களைத் தனியாக மனப்பாடம் செய்துவிடுங்கள். தேர்வுக்கு இவர்கள் வராமல் இருக்க மாட்டார்கள்.

பயிற்சிக்கு ஆதியாகமம் 1:3-5 அருமையான இடம். பொருள் ஏற்கெனவே தெரியும் என்பதால் கவனம் முழுக்க வடிவத்தில் நிற்கும். வய்யோமெர், யெஹீ, வய்ஹீ, வய்யார், வய்யவ்தேல், வய்யிக்ரா என்று யோத் வரிசைகட்டி வருகிறது. முன்னால் நிற்கும் வாவ் கதையை நகர்த்தும் வாவ், ஆளைச் சொல்வதில்லை. முதலில் அதைக் கழற்றுங்கள், அப்புறம் யோத்தை. வய்யாரில் (கண்டார்) இரண்டையும் எடுத்தால் ரேஷும் ஆலெஃபும்தான் மிஞ்சும். புள்ளி விதி எதுவும் உதவாது. ஈற்றில் ஹே சேர்த்தால் ராஆ, பார்த்தல்.